பஞ்சாரத்துக்குள் தக்காளி

சன்னலோரத் தோட்டம் – 9

விதை ஊன்றிய குழித்தட்டைச் சன்னலடிப் பெஞ்சில் வைத்ததோடு போன பகுதியை நிறுத்தியிருந்தேன். 98 குழிகளில் பாதி தக்காளி, பாதி மிளகாய். ஆறாம் நாள் தக்காளி முளைத்தது. ஏழாம் நாள் விடிந்ததும் பார்த்தால் ஒரு மூலையில் 18 குழிகள் காலி. நார்க்கழிவு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. விதைத்தோல்கூடக் கழலாத ஒரு நாற்று, வெள்ளை வேர் வெளியே தெரிய, சுவரோரம் துவண்டு கிடந்தது. தட்டின் மேல் எங்கள் பூனை கறுப்பி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழுகை வந்தது. ஆனால் அவளைத் திட்ட மனம் வரவில்லை. பொலபொலவென்ற மண்ணைக் கண்டால் பூனை பறிக்கத்தான் செய்யும்; கழிவை மூட அதற்குத் தெரிந்த இடம் அதுதான். தென்னை நார்க்கழிவு அந்த மண்ணைவிட மெத்தென்று இருக்கிறது. சன்னலோரம் இளவெயில் வேறு. போதாததற்கு, முந்தின நாள் சாயங்காலம் மீன் அமிலத்தை நீரில் கலந்து தெளித்திருந்தேன். மீன் கழிவும் வெல்லமும் சேர்ந்து ஊறிய அது நமக்குப் பழவாடையாகத் தெரியலாம், பூனைக்கு அது மீன்தான். விதையிலை மட்டும் விட்ட நாற்றுக்கு அந்த உரம் தேவையே இல்லை. விதைக்குள் இருக்கும் சத்தே அந்தப் பருவத்துக்குப் போதும்.

"நாலு பாச்சை உருண்டையப் போடு, கிட்ட வராது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பாச்சை உருண்டை பூனைக்கு நஞ்சு. மிளகாய்ப் பொடியும் வேண்டாம். பாதத்தில் ஒட்டும், அதை நக்கும், கண்ணில் தேய்த்துக்கொள்ளும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தக்காளி இலையும் தண்டும் பூனை வயிற்றுக்கு ஆகாது. வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். அதைவிட மோசம் வெங்காயமும் பூண்டும். பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே அவை சிதைத்துவிடும். சமையலறைச் சன்னலில் வெங்காயத்தாள் வளர்ப்பவர்கள் அதைப் பூனை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். ஆக, நாற்றுத்தட்டுக்கு மூடி போட நினைத்தது நாற்றுக்காக மட்டும் அல்ல.

மூடிக்கு வழி சொன்னது அம்மா. ஊரிலிருந்து வரும்போது கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் ஒன்றைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்கள். "கோழிய நாய்கிட்டேருந்து காப்பாத்துனது, நாத்தக் காப்பாத்தாதா?" மூங்கில் பத்தைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும், பூனைத் தலை நுழையாது. கவிழ்த்து, உச்சியில் அம்மிக் குழவியை வைத்துவிட்டோம். காற்று தாராளமாக ஓடுகிறது. அதற்கு முன் பிளாஸ்டிக் தாளால் மூடிப் பார்த்தேன். இரண்டே நாளில் உள்ளே வேர்த்து, நாற்றழுகல் வந்து, ஆறு நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. பஞ்சாரம் கிடைக்காதவர்கள் கம்பி வளைத்துக் கொசுவலை போர்த்தலாம். எந்த மூடியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். நாற்று ஒல்லியாக நீண்டுவிடும். அதனால் நான் வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் எடுத்துவிடுகிறேன். விடியலிலும் அந்தியிலும்தான் பூனைக்கு ஓட்டம் அதிகம், அப்போது கட்டாயம் மூடுகிறேன்.

கறுப்பிக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று தோன்றியது. பழைய அலுமினியத் தட்டில் கம்பு தூவினேன். ஒரே வாரத்தில் விரல் உயரப் புல். அதைக் கடித்து மெல்லும்போது அவள் கண் பாதி மூடிக்கொள்கிறது. மணல் தொட்டியையும் பெரிதாக்கி, தினமும் அள்ளிச் சுத்தம் செய்கிறேன். (குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதில் உருளும். செடித் தொட்டியில் அது தானாக முளைத்தால் பூனையைக் கூப்பிடும், களைந்துவிடுங்கள்.)

நாற்று மண்ணில் பூனை மலம் கழித்திருந்தால் அந்த மண்ணைக் கொட்டிவிடுங்கள். அதிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா தொற்று வரலாம் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

இன்று 25-ஆம் நாள். மிஞ்சிய 22 தக்காளி நாற்றுகளும் தொட்டிக்குப் போகத் தயார். மிளகாய்க்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை பஞ்சாரம் பெஞ்சிலேயே இருக்கும். கறுப்பி இப்போது அதன் மேல் சாய்ந்தபடி, வால் நுனியை மூங்கில் இடுக்கில் நுழைத்துக்கொண்டு தூங்குகிறாள்.