புகைச் சான்றிதழும் நுரையீரலும்

இருமலோடும் மூச்சிரைப்போடும் வருவோரிடம், புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று மட்டும் நாங்கள் கேட்பதில்லை, தொழிலையும் கேட்கிறோம். லாரி ஓட்டுநர், கிளீனர், பட்டறைத் தொழிலாளி, நெடுஞ்சாலையோரக் கடைக்காரர் என்று விடை வந்தால் டீசல் புகையையும் கணக்கில் கொள்கிறோம். அப்புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது.

“வண்டிக்குப் புகைச் சான்றிதழ் இருக்கிறதே” என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அச்சான்றிதழ் எதைச் சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 115-ஆம் விதிப்படி இச்சோதனை நடைபெறுகிறது. எஞ்சின் சூடேறியபின், வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிப்பார்கள். வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கருவி அளக்கும். பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கான உச்ச அளவு மீட்டருக்கு 1.62, அதற்கு முந்தியவற்றுக்கு 2.45.

ஆக, அளக்கப்படுவது புகையின் கருமையே. நைட்ரஜன் ஆக்சைடுகள் இதில் அளக்கப்படுவதில்லை. காற்றுப்பைகள் வரை செல்லும் நுண்துகள்கள் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது வரும் புகையையும் இச்சோதனை காண்பதில்லை. பாரத் ஸ்டேஜ் 4 முதலான வண்டிகளுக்குச் சான்றிதழ் ஓராண்டு செல்லும். பழையவற்றுக்கு ஆறு மாதம். இடையில் காற்று வடிகட்டி அடைத்துக்கொள்ளலாம்; இன்ஜெக்டர் தேய்ந்துபோகலாம்.

எனவே, கரும்புகை கண்டால் சான்றிதழ் முடியும் நாள்வரை காத்திராமல் வண்டியைப் பழுதுபார்க்கச் செய்யுங்கள். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில் துகள் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியா கரைசல் அமைப்பும் உள்ளன. செலவு மிச்சம் என்று எவர் சொன்னாலும் அவற்றை அகற்றவோ செயலிழக்கச் செய்யவோ இசையாதீர்கள். அப்புகையை முதலில் சுவாசிப்பவர் ஓட்டுநரும் கிளீனருமே. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதைத் தவிருங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைகளை அங்கிருந்து விலக்கி வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை, “வண்டிப் புகைதான் காரணம்” என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது காசநோயாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனையும் மூச்சுத்திறன் பரிசோதனையும் தேவைப்படலாம். மருத்துவரிடம் வரும்போது, எத்தனை ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறீர்கள் என்பதை மறவாமல் சொல்லுங்கள். நோயை அறிய அது எங்களுக்குப் பெரிதும் துணைசெய்யும்.