அநாமதேய அழைப்புகளை அடையாளம் காண்பது எவ்வாறு?

இலங்கையில் 1989 ஆம் ஆண்டு கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பமானபோது அது வசதி படைத்தோரின் சாதனமாகவே இருந்தது. இன்று அது இல்லாத வீடு அரிது. அதனூடாகத் தொல்லை தருவோரும் பணம் பறிப்போரும் நமது வீடுகளுக்குள் நுழைந்துவிட்டனர். அறியாத இலக்கங்களுக்குப் பதிலளிக்காதிருங்கள் எனக் கூறுவது எளிது. ஆனால், கட்டாரில் தொழில் புரியும் மகனின் அழைப்பையோ கனடாவில் வாழும் சகோதரியின் அழைப்பையோ எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களால் அவ்வாறு இருந்துவிட முடியாது.

அழைப்பவர் தமது இலக்கத்தை மறைக்கும்போது அது நமது திரையில் மாத்திரமே மறைகின்றது. சேவை வழங்கும் நிறுவனத்தின் பதிவுகளில் அழைத்த இலக்கம், நேரம், கால அளவு என்பன இடம்பெறுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்கங்களைக் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் இருப்பதால், சிம் அட்டையை மாற்றுவதால் மட்டும் ஒருவர் தப்பிவிட முடியாது. எனினும் இவ்விபரங்களை நிறுவனங்கள் நம்மிடம் நேரடியாகக் கையளிப்பதில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் பின்னர் சட்ட நடைமுறைகளுக்கு அமையவே அவை பெறப்படுகின்றன. இது நியாயமானதே. இல்லையேல் நமது இலக்கத்தைக் கொண்டு எவரும் நம்மைத் தேடி வந்துவிடலாம்.

2009 ஆம் ஆண்டு சுவீடனில் உருவான ட்ரூகோலர் போன்ற செயலிகள் அழைப்பவரின் பெயரைக் காட்டுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பாவனையாளர்கள் வழங்கும் தகவல்களில் தங்கியுள்ளன. யாரோ ஒருவர் இட்ட பெயர் தவறாகவும் இருக்கலாம். அப்பெயரை நம்பி ஒருவரைக் குற்றவாளியெனத் தூற்றுவது பெரும் அநீதியாகும்.

திரையில் தோன்றும் இலக்கத்தையே போலியாக அமைக்கவும் இன்று வழியுண்டு. எனவே, வங்கியின் இலக்கமே தெரிந்தாலும் இரகசியக் குறியீடுகளை எவருக்கும் கூறலாகாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கியின் இலக்கத்தை நாமே அழுத்தி விசாரிப்பதே பாதுகாப்பானது. ஒருமுறை ஒலித்து ஓய்ந்துவிடும் அறிமுகமற்ற வெளிநாட்டு இலக்கங்களுக்கு மீள அழைப்பதும் வீண் செலவையே தரக்கூடும்.

தொல்லை தொடருமாயின் இலக்கம், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, குறுஞ்செய்திகளை அழிக்காமல் பொலிஸாரிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். பெண்களும் சிறுவர்களும் 109 என்ற பொலிஸ் இலக்கத்தையும் நாடலாம்.

குடும்ப மானத்துக்கு அஞ்சி நமது பெண்கள் பலர் இத்தொல்லைகளை மறைத்து விடுகின்றனர். அந்த மௌனமே அழைப்பவரின் துணிவு. வெட்கப்பட வேண்டியவர் அழைத்தவரேயன்றி, அழைப்பை ஏற்றவர் அல்லர் என்பதை முதலில் உணர வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே.