கோட்டு போட்டு புல்லட் ஓட்டினால் நன்கொடை எப்படி வரும்?

போன தடவை திட்டக்குடி போயிருந்தபோது அண்ணன் போனில் ஒரு வீடியோ காட்டினார். சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புல்லட், ஜாவா, எஸ்டி என்று பழைய வண்டிகள் வரிசையாக, மெதுவாகப் போகின்றன. ஓட்டுகிறவர்கள் எல்லாம் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. அதுவும் மே மாத வெயிலில்!

"நன்கொடைக்காக ஓட்டுறாங்களாம். வண்டி ஓட்டினா பெட்ரோல் காசுதான் போகும், நன்கொடை எங்கேருந்துடா வரும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. சென்னை திரும்பியதும் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு போட்டோவில் ஆரம்பித்தது

இந்த ஊர்வலத்துக்குப் பெயர் 'டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு'. 2012-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மார்க் ஹாவா என்பவர் தொடங்கினார். 'மேட் மென்' என்ற அமெரிக்க டிவி தொடரின் நாயகன் டான் டிரேப்பர், கோட்டும் சூட்டுமாக ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் போட்டோவைப் பார்த்ததும் வந்த யோசனை அது. பைக் ஓட்டுகிறவன் என்றாலே ரவுடி என்று நினைக்கிறார்களே, அந்த எண்ணத்தை மாற்றலாமே என்பதுதான் முதல் நோக்கம்.

முதல் வருடமே 64 நகரங்களில் 2,500 பேருக்கு மேல் ஓட்டினார்கள். அந்த வருடம் நன்கொடை என்ற பேச்சே இல்லை. இவ்வளவு பேர் சேருகிறார்களே, இதை ஒரு நல்ல காரியத்துக்குத் திருப்பலாமே என்று அப்புறம்தான் தோன்றியிருக்கிறது. 2013-லிருந்து புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுகிறார்கள். பிறகு ஆண்களின் மனநலமும் சேர்ந்துகொண்டது. நவம்பர் மாதம் மீசை வளர்த்து நிதி திரட்டும் 'மூவெம்பர்' அமைப்பும் இவர்களோடு கைகோத்தது. அவர்கள் கதையும் இதேதான். 2003-ல் மெல்போர்னில் 30 பேர் விளையாட்டாக மீசை வளர்த்தார்கள். நன்கொடை அடுத்த வருடம்தான் வந்தது.

சரி, காசு எங்கிருந்து வருகிறது?

வண்டி ஓடுவதால் ஒரு பைசா கூட வராது. அண்ணன் சொன்னது சரிதான். ஓட்டுபவர் இணையத்தில் பெயர் பதிவு செய்ததும் அவருக்கென்று ஒரு பக்கம் கிடைக்கும். அதை நண்பர்களுக்கு, சொந்தக்காரர்களுக்கு, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு அனுப்பி, "நான் இதுக்காக ஓட்டப் போறேன், உன்னால முடிஞ்சதைக் கொடு" என்று கேட்க வேண்டும். கொடுப்பவர்கள் அங்கேயே கட்டிவிடுவார்கள். அதிகம் திரட்டியவர்களுக்குப் பரிசும் உண்டு. ஸ்பான்சரான டிரையம்ப் கம்பெனி மோட்டார் சைக்கிளே கொடுத்திருக்கிறது.

ஆக, பணத்தைக் கொண்டுவருவது கேட்கிற வாய். வண்டி, அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சாக்கு.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். என் வயதுக்காரர்களுக்கு ஊர்த் திடலில் சைக்கிள் சுற்றியது ஞாபகம் இருக்கும். ஒருத்தர் ராத்திரி பகலாக நாள் கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் அதன் மேலேயே. சாயங்காலம் மைக் செட், பாட்டு, டான்ஸ். ஊர்க்காரர்கள் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் பின் குத்திவிடுவார்கள். சும்மா கை நீட்டினால் தராத ஊர், திடலைச் சுற்றினால் தரும். இரண்டும் ஒரே வழிமுறைதான். அங்கே பணம் சுற்றியவர் வயிற்றுப்பாட்டுக்குப் போனது, இங்கே முகம் தெரியாத நோயாளிகளுக்குப் போகிறது. அதுதான் வித்தியாசம்.

பழைய வண்டி ஏன்?

வேகமாகப் போகும் புது பைக்கை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். பழைய வண்டியை நிறுத்தினால் டீக்கடையில் இருப்பவர் எழுந்து வந்து, "எங்க அப்பாகூட இதுதான் வெச்சிருந்தார்" என்று ஆரம்பிப்பார். ஜாவாவில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் லீவரேதான் கியர் லீவரும் என்று யாராவது விளக்குவார்கள். பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். எங்கள் வீட்டு வண்டியும் அப்படித்தான். இப்போதும் அதை எடுத்தால் நான் பிரேக்குக்குப் பதில் கியரை மிதிக்கிறேன்.

இங்கிலாந்தில் என்ஃபீல்டு தொழிற்சாலை மூடின பிறகும், 1955-ல் ஆரம்பித்த நம் சென்னைக் கம்பெனியிலிருந்து புல்லட் வந்துகொண்டே இருந்தது. அங்கே நினைவுப் பொருளாகிவிட்ட வண்டியில் இங்கே உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் நமக்குப் பழைய வண்டி என்றால் பெரும்பாலும் அப்பாதான்.

எங்கள் வீட்டுக் கதை

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்த புல்லட் அப்பாவுடையது. அப்பாவுக்கு வந்ததும் புராஸ்டேட் புற்றுநோய்தான்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் சின்ன சுரப்பி. அதில் வரும் புற்றுநோய்க்கு ஆரம்பத்தில் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. வயதானவர்கள் ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறார்கள் என்றால், பல பேருக்கு அது சுரப்பி பெருத்ததால் வரும் சாதாரணத் தொல்லையாகத்தான் இருக்கும். எது எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு வருடத்துக்கு மேல் ராத்திரி நாலு தடவை எழுந்தார். "வயசானா அப்படித்தான்" என்றார். அதற்கு மேல் அம்மாவிடம்கூடப் பேசவில்லை. அப்புறம் இடுப்பு வலி. "இந்த ரோட்டுல புல்லட் ஓட்டினா வேற என்ன ஆகும்" என்று வண்டியைக் குறை சொன்னார். நாங்களும் நம்பினோம். ஷாக் அப்சார்பர் மாற்றினோம். ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பு வரைக்கும் பரவியிருந்தது. இந்த நோய் எலும்புக்குத்தான் அதிகம் பரவும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

வண்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய மனுஷன், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்களிடம் பேச்சை ஆரம்பிக்க வண்டியைவிட நல்ல வழி இல்லை. அந்தப் பேச்சை உடம்பு வரைக்கும் கொண்டுபோகத்தான் இத்தனை வேஷமும் என்று இப்போது புரிகிறது.

அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது மட்டுமே முடிவு சொல்லாது. புற்றுநோய் இல்லாமலும் அளவு ஏறலாம். அதனால் ஐம்பது நெருங்கும்போது டாக்டரிடம் பேசி முடிவு செய்யச் சொல்கிறார்கள். குடும்பத்தில் இருந்தால் இன்னும் முன்னாடியே.

எனக்கு 46. அண்ணனுக்கு 52.

இதையெல்லாம் படித்து முடித்த அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினேன். "அண்ணா, அந்த நன்கொடைக் கணக்கு புரிஞ்சிடுச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நீ டெஸ்ட் எடுத்தியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீ எடுத்தியா?" என்றார்.

"இல்ல."

"சனிக்கிழமை வா. விருத்தாசலம் போயிட்டு வந்துடலாம். வண்டிய நான் எடுக்குறேன், நீ பிரேக்கு தெரியாம ஓட்டுவ."