வாளேந்திய குளவி

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, கல்கொங் என்னும் சிற்றூருக்கு அணித்தாக, மக்கிராத்ஸ் பிளாற் என்றொரு நிலம் உண்டு. அங்கே உழவர் ஒருவர் தம் வயலில் இலைகளின் அச்சுப் பதிந்த கற்களைக் கண்டார். அதுவே தொடக்கம். ஆராய்ச்சியாளர் சென்று செந்நிற இரும்புப் பாறைகளைப் பிளந்தபோது, அவை ஏடு ஏடாக விரிந்தன. இலையும் பூவும், சிலந்தியும் மீனும், பறவையின் இறகுங்கூட அவற்றிற் பதிந்து கிடந்தன. அவ்வுயிர்கள் 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவை. இன்று வறண்டு தோன்றும் அந்நிலத்தில் அன்று மழைக்காடு செழித்திருந்தது. இக்கல்லேடுகளின் சிறப்பு 2022ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அவற்றிலிருந்து 2025ஆம் ஆண்டு பெயர் பெற்று வெளிவந்த சிறு பூச்சியொன்றைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

அப்பூச்சியின் கூட்டத்தை ஆங்கிலேயர் 'சோபிளை' என்பர். 'வாள் ஈ' என்பது அதன் பொருள். வாள் என்றது போர்வாளையன்று, மரம் அரியும் தச்சனின் வாளையே. பெண்பூச்சியின் வயிற்று நுனியில் பற்கள் நிரைத்த ஓர் உறுப்பு உண்டு. அதனால் இலையையோ தண்டையோ அரிந்து, அப்பிளவினுள் முட்டையிடும். அப்பற்களின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுதலின், இனம் பிரிப்போர் நுணுக்குக்காட்டியிலே முதன்மையாக நோக்குவனவற்றுள் அதுவும் ஒன்று.

ஆயின், அப்பெயரில் வாள் என்ற பாதி மெய். ஈ என்ற பாதி பொய். ஈக்குச் சிறகு இரண்டு, இதற்கு நான்கு. குளவியும் தேனீயும் எறும்பும் இதன் சுற்றத்தார். அவர்களுக்குள்ள ஒடுங்கிய இடை மட்டும் இதற்கில்லை. கொட்டும் வழக்கமும் இல்லை.

புதியதோர் உயிரைக் கண்டவுடனே பெயரிட்டுவிட இயலாது. அறியப்பட்ட உறவினங்களோடு அதனை ஒப்புநோக்கல் வேண்டும். சிறகின் நரம்புகள், உணர்கொம்பு, தலை, கால் ஆகியவற்றை அளந்தும் வரைந்தும் எழுதல் வேண்டும். எடுத்த ஓர் உடலைப் பிற்காலத்தார் அனைவர்க்கும் அளவுகோலாகக் காட்சிச்சாலையில் வைத்தல் வேண்டும். அதன் பின்னரே சாதிப்பெயர் முன்னும் இனப்பெயர் பின்னுமாக இரட்டைப் பெயர் சூட்டப்படும். விலங்குகளைப் பொறுத்தவரை இம்முறைக்கு லின்னேயசின் 1758ஆம் ஆண்டு நூற்பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வாறு ஆராய்ந்தபோது இக்கற்பூச்சி பெர்கிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்ததெனத் தெளிவாயிற்று. அதன் தலையில் ஒட்டியிருந்த மகரந்தம், அது மலரை நாடிச் சென்றதென்பதற்குச் சான்றாயிற்று. இன்று அக்குடும்பத்தார் அவுஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் வாழ்கின்றனர். பெருங்கடலுக்கு இருமருங்கும் ஒரே குடும்பம் இருப்பது எவ்வாறு? பூச்சி பதிந்த பாறையின் காலத்தையும், இன்றுள்ள உறவினங்களின் மரபணுக்களையும் ஒருங்குவைத்துக் கணித்தபோது, இக்கிளை ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதெனக் கண்டனர். கொண்டுவானா என்னும் பெருநிலத்தின் கூறுகளாக அவ்விரு கண்டங்களும் இணைந்திருந்த காலம் அது. நிலம் பிரிந்தது, குடும்பமும் பிரிந்தது.

இக்கிளையின் இன்றைய வழித்தோன்றல்களை அவுஸ்திரேலியச் சிறுவர் நன்கு அறிவர். அவற்றின் குடம்பிகள் பகலெல்லாம் யூக்கலிப்டஸ் மரங்களிற் கொத்தாகக் கூடியிருந்து, இரவிற் பிரிந்து சென்று இலையுண்ணும். இலையின் நச்செண்ணெயை உடலினுள் ஒரு பையிலே சேமித்து வைத்து, தீண்டுவோர் முன் வாயால் உமிழும். உண்ணாது தடுக்க மரம் ஆக்கிய நஞ்சே, உண்பவனுக்குப் படைக்கலமாயிற்று.

இனிப் பெயருக்கு வருவோம். இத்தகைய பெயர்களுக்கு இலத்தீனையும் கிரேக்கத்தையும் நாடுதலே நெடுநாளைய வழக்கம். இப்பூச்சிக்கோ 'பலாடி வர்ரு' என்று பெயரிட்டனர். இரண்டும் அம்மண்ணுக்குரிய விராஜுரி மக்களின் சொற்கள். பலாடி என்பது வாள். வர்ரு என்பது குளவி. ஆங்கிலம் ஈ என்று தவறிய இடத்தில், விராஜுரி குளவி என்று சரியாகச் சொல்லிற்று!

அம்மொழி பட்ட பாடு சிறிதன்று. குடியேற்ற ஆட்சியில் நிலம் இழந்த அம்மக்களின் பிள்ளைகள் தாய்மொழி பேசுதலும் தடுக்கப்பட்டது. பேசுவோர் அருகினர். மொழி மறைந்தது எனப் பலரும் எண்ணிய பின்னர், முதியவராகிய ஸ்ரான் கிரான்ற் என்பார், மொழியறிஞர் ஜோன் றடர் என்பாருடன் சேர்ந்து அகராதி தொகுத்தார். இன்று அது பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படுகின்றது. மாண்டதென்று கைவிடப்பட்ட மொழியே, மாண்டு கல்லான உயிருக்குப் பெயர் ஈந்தது.

கலைச்சொல் ஆக்குவதிற் கருத்துடைய நம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து 'வாள் ஈ' என்று எழுதினால், நாம் மொழிபெயர்ப்பது அறிவையன்று, பிழையை. பொருளைப் பார்த்துப் பெயரிட்டால் 'வாட்குளவி' என்ற சொல் தானே வந்து நிற்கும். சொல்லுக்கு முன் பொருளைப் பார்க்கும் மொழி எதுவாயினும், அதற்கு அறிவியல் அந்நியமன்று.