மரத்தளம்

உணவும் உடையும் போலவே உறையுளும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதது. வீடு அமைப்போர் சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பலவாறு எண்ணுவர். தளத்தைப் பற்றி அத்துணை எண்ணுவதில்லை. ஆயினும், வீட்டிலுள்ளோரின் காலடியை நாள் முழுவதும் தாங்கி நிற்பது தளமே அன்றோ?

பாண்டிய நாட்டு வீடுகளில் தளங்கள் பல வகைப்படும். சாணமிட்டு மெழுகிய மண்தளம், கற்கள் பாவிய தளம், செங்காவி கலந்து மெருகேற்றிய சிமெண்டுத் தளம் ஆகியன மக்கள் நன்கறிந்தவை. காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில், கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை வார்த்துச் செய்யப்படும் தளக்கற்கள் பெரும்புகழ் பெற்றவை. செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு கப்பலேறி வந்தது. அது தூணாகவும் கதவாகவும் உத்தரமாகவும் நின்றதே அன்றிக் கீழ்த்தரையில் பெரும்பாலும் பரப்பப்படவில்லை. தரையின் ஈரமும் கறையானும் மரத்திற்குப் பகை. நீர்விட்டுக் கழுவும் வழக்கமும் அதற்கு ஏற்றதன்று. மாடியில் மட்டும் உத்தரங்களின்மேல் பலகை பாவிய மச்சுகள் அமைந்தன.

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் உள்ளது விளாங்குடி. அவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைந்தது. அங்குள்ள இல்லத்தார் ஒருவர், தம் வீட்டில் தாமே மரத்தளம் அமைக்க விரும்புகிறார் எனக் கொள்க. அவர் முதலில் வாங்க வேண்டியது பலகையன்று. முதலில் பெற வேண்டியது மரத்தின் இயல்பைப் பற்றிய அறிவு.

மரம் வெட்டுண்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுப் பருக்கும். காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இம்மாற்றம் நீளவாட்டில் மிகச் சிறிது, அகலவாட்டில் மிகுதி. மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசித் திங்களில் அனல் வீசும்; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழியும். கோடையில் இடைவெளியின்றி நெருக்கிப் பதித்த பலகைகள், மழைக்காலத்தில் பருத்து, இடம் காணாது மேலெழும்பும். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் ஒரே மழைக்காலத்தில் பாழாகும். ஆதலின், அன்றைய நாளை மட்டும் நோக்காது, ஆண்டு முழுவதையும் நோக்கித் திட்டமிடல் வேண்டும்.

மரத்தளம் எங்கு வேண்டா என்பதை முதலில் துணிதல் நலம். சமையலறை, குளியலறை, ஈரம் ஊறும் கீழ்த்தரை ஆகியவற்றை விலக்கி, மாடியறையைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கும் கான்கிரீட்டு உலர்ந்திருத்தல் வேண்டும். ஒரு மீட்டர் சதுரமுள்ள பாலித்தீன் விரிப்பைத் தரையில் இட்டு, விளிம்புகளை ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைத்தல் எளிய சோதனையாகும். விரிப்பின் அடியில் நீர்த்துளி அரும்பினாலும் தரை கருத்தாலும் ஈரம் உண்டென அறிக. பின்னர், ரசமட்டம் கொண்டு மேடு பள்ளங்களைக் கண்டு சமன் செய்தல் வேண்டும். சட்டமும் பலகையும் சேர்ந்து தளத்தை உயர்த்துமாதலால், கதவின் அடி தட்டாதவாறு முன்னரே அளந்து கொள்ளல் வேண்டும். கான்கிரீட்டில் துளையிடும் முன் அதனுள் செல்லும் மின்குழாய்களின் வழியையும் அறிதல் வேண்டும்.

அடுத்து மரத்தைத் தேர்தல். உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் பகுத்துரைக்கிறது. தளத்திற்கு வேண்டுவது அவ்வுள்வயிரமே. தேக்கின் வயிரப் பகுதி கறையானை எதிர்த்து நிற்கும். புறத்தேயுள்ள வெளிறு அவ்வாறு நில்லாது. பலகையின் ஈரம் ஏறக்குறைய 10 முதல் 12 விழுக்காடு வரை இருத்தல் நன்று. இதனை ஈரமானியால் அறியலாம். வாங்கிய பலகைகளை அவ்வறையிலேயே, இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, இரண்டு வாரம் காற்றோட்டமாக விட்டுவைத்தல் வேண்டும்.

இனிக் கணக்கு. அறையின் நீளம் 15 அடி, அகலம் 12 அடி எனில், பரப்பு 180 சதுர அடி. வெட்டுச் சேதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 198 சதுர அடிப் பலகை வேண்டும். பலகைகளை நீளவாட்டில் பரப்பி, சுவர் ஓரங்களில் அரை அங்குலம் இடைவெளி விட்டால், அகலத்தில் எஞ்சுவது 143 அங்குலம். 4 அங்குலப் பலகைகள் 35 வரிசை நிற்கும். இறுதி வரிசைக்கு 3 அங்குலம் கிடைக்கும். மழைக்காலத்தில் பலகை ஒன்றுக்கு அரை மில்லிமீட்டர் பருத்தால், தளம் முழுவதும் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் விரியும். இருபுறமும் விட்ட இடைவெளி, 25 மில்லிமீட்டர் ஆதலின், அவ்விரிவுக்கு இடம் தரும். சுவரடிப் பலகை அவ்விடைவெளியைக் கண்ணுக்குத் தோன்றாது மறைக்கும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே பதிக்கும் வேலை தொடங்கும். பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் கறையான் மருந்து பூசிய சட்டங்கள், அவற்றின்மேல் பலகைகள் என்பது முறை. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் பொருந்தும். நாக்கின் வழியே சாய்வாக ஆணியடித்தால் ஆணி வெளியே தோன்றாது. அடுத்தடுத்த வரிசைகளின் முனைகள் ஒரே நேர்கோட்டில் அமையாதிருத்தல் வேண்டும். ஐயம் எழுமிடத்துப் பழகிய தச்சரிடம் கேட்டறிதல் இழுக்கன்று.

பதிக்கும் வேலை சில நாளில் முடியும். அதற்கு முன்னர்க் காத்திருக்கும் காலமே பெரிது. அக்காலம் வீணன்று. சுவரோரத்தில் விட்ட அரை அங்குல வெற்றிடமே தளத்தைக் காக்கிறது. பொருளின் இயல்பை அறிந்து அதற்கு இடம் விட்டுச் செய்யும் செயலே நிலைபெறும்.