இளமை திரும்பிய நட்சத்திரம்

வயதான நட்சத்திரத்துக்கு இளமை திரும்புமா?

மாசி, பங்குனி இரவுகளில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியில் கடக ராசி. அதில் பூசத்துக்குச் சற்றுத் தெற்கே எம் 67 என்ற விண்மீன் கூட்டம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, பைனாகுலர் வேண்டும்.

அங்குள்ளவை எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகப் பிறந்தவை. வயது சுமார் 400 கோடி ஆண்டு. பெரியவை எப்போதோ எரிந்து அடங்கிவிட்டன. ஆனால் சில மட்டும் இன்னும் நீலமாக, இளவட்டம் போல மினுங்குகின்றன. நீலப் பின்தங்கிகள் என்பது இவற்றின் பெயர்.

எப்படி வந்தது இந்த இளமை? அப்படிப்பட்ட ஒன்றின் ஒளியை பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து 2024-இல் பதில் சொன்னார்கள். அதன் மேற்பரப்பில் பேரியம் என்ற தனிமம் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. அதைத் தானாக உண்டாக்கும் பருவம் அந்த நட்சத்திரத்துக்கு இன்னும் வரவில்லை. பெரும்பாலும் முதிர்ந்து பருத்த நட்சத்திரங்களுக்குள்தான் பேரியம் விளையும். ஆக, கூடவே சுற்றிய துணையிடமிருந்து உறிஞ்சிய சரக்கு அது; இளமையும் அப்படி வந்ததே!

பறிகொடுத்த துணையையும் அவர்கள் விடவில்லை. வெண்குறுமீனாகச் சுருங்கிய அதை, இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்கலம் புறஊதா ஒளியில் கண்டுபிடித்துவிட்டது.