பொறுப்பை விடுவதும் ஒரு பொறுப்புதான்!

திருச்சி புத்தூரில் மாசி பிறந்தால் குழுமாயி அம்மன் திருவிழா களைகட்டிவிடும். போன தலைமுறையில் முன்னின்று நடத்தியவர்கள் இன்று இல்லை. ஆனாலும் திருவிழா நிற்கவில்லை. பாரம் பலர் தோளில் இருப்பதுதான் காரணம்.

ஒரே ஆள் இழுத்துச் செல்லும் காரியங்கள் அப்படியில்லை. சிற்றிதழ், வாசகர் வட்டம், குடியிருப்போர் சங்கம், பலர் சேர்ந்து எழுதும் இணையதளம்... எதுவானாலும் முதல் சில ஆண்டுகள் உற்சாகமாக ஓடும். பிறகு வேலை மாறும். பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகும். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வரும். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லவும் மனம் வராது, தொடரவும் தெம்பு இருக்காது.

கைமாறிய இதழ்

திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் துறையூரிலிருந்து 1940-களில் 'கிராம ஊழியன்' என்ற இதழ் வந்தது. கவிஞர் திருலோக சீதாராம், சிறுகதை மேதை கு.ப.ராஜகோபாலன் இருவரும் அதை இலக்கிய இதழாக வளர்த்தார்கள். 1944 ஏப்ரலில், 42 வயதில் கு.ப.ரா. காலமானார். இதழ் நின்றுவிடவில்லை. வல்லிக்கண்ணன் பொறுப்பேற்று 1947 வரை நடத்தினார். திருலோக சீதாராமும் திருச்சியில் 'சிவாஜி' இதழை நடத்தி, புதியவர்கள் பலருக்கு இடம் கொடுத்தார். ஆசிரியர் மாறினாலும், எழுதுகிறவர்களுக்கு ஒரு மேடை இருந்துகொண்டே இருந்தது.

நிறுத்துவது தோல்வியா?

எல்லாவற்றையும் கைமாற்றிவிட முடியாது. சி.சு.செல்லப்பா 1959-ல் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். கைப்பொருளைப் போட்டு, புத்தகப் பையைத் தோளில் சுமந்து, ஊர் ஊராகப் போய் விற்றார். 119 இதழ்களுக்குப் பிறகு 1970-ல் நிறுத்தினார். அத்தோடு அவர் பேனா ஓய்ந்துவிடவில்லை. 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை 1997-ல் வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு, 2001-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 'எழுத்து' வளர்த்தெடுத்த புதுக்கவிதையும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

ஒருவர் போய் ஐவர்

கணினி உலகத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 'பைத்தான்' என்ற நிரல்மொழியை உருவாக்கியவர் கைடோ வான் ராசம். ஏறக்குறைய 30 ஆண்டுகள் கடைசி முடிவு அவருடையதாகவே இருந்தது. 2018 ஜூலையில், களைத்துப்போய், தலைமையிலிருந்து விலகினார். வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். மற்றவர்கள் கூடிப் பேசி, வாக்களித்து, ஐந்து பேர் குழுவை அமைத்தார்கள். முதல் குழுவில் அவரும் ஐந்தில் ஒருவராக இருந்தார். அடுத்த முறை அதிலிருந்தும் விலகிக்கொண்டார்.

சாவி யாரிடம்?

விலக நினைப்பவர் முதலில் ஒரு தேதியைக் குறித்து, எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கடவுச்சொல், வரவு செலவுக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் மூன்றும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். மற்றவர்கள் நம்பிக் கொடுத்த எழுத்தும் படங்களும் அழிந்துபோகாமல் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஓரிரு மாதம் புதியவரோடு சேர்ந்து வேலை பார்த்தால், நெளிவு சுளிவுகள் அவருக்கும் பிடிபடும்.

கடைசி வேலைதான் கஷ்டமானது. புதியவர் வேறு மாதிரி நடத்தும்போது, "நான் இருந்தப்போ இப்படியா இருந்துச்சு?" என்று கேட்காமல் இருக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக் கொடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போனால், அடுப்படியில் புகுந்து உப்புப் போடுவோமா என்ன?